பச்சத்தண்ணியின் ரகசியப் பழக்கம்

மருத்துவம் படிக்கிற பிள்ளைகள்தான் போதைப் பழக்கத்தில் விழ அதிக வாய்ப்புள்ளவர்கள், அவர்களுடைய உடல்நலமும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை என்று மேலிடத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். சொன்னது யார் என்று கல்லூரி முதல்வருக்குத் தெரியாது. ஆனாலும் மேலிடம் மேலிடம்தானே! அவர் உடனே தன் அறையின் பின்கதவைத் திறந்துகொண்டு போய், அவசர வழிப் படிக்கட்டில் நின்று, ஒன்றுக்கு இரண்டாகச் சிகரெட்டை ஊதி ஊதி யோசித்தார். திரும்பி வரும்போது வாயில் புதினா மிட்டாய் இருந்தது. மண்டையில் முடிவும் இருந்தது.

"குழு போடுறோம்," என்றார்.

போட்டார்கள். அதற்கு 'மாணவர் போதை அபாயத் தடுப்பு மற்றும் ஒட்டுமொத்த ஆரோக்கிய மேம்பாட்டு உயர்நிலைக் குழு' என்று பெயர் வைத்தார்கள். பெயர்ப்பலகை கதவில் அடங்காமல் சுவரில் ஏறி, தீயணைப்புக் கருவியின் தலையில் போய் முடிந்தது. அதை முழுதாகப் படித்து முடிக்க மூச்சு போதாத நோயாளிகள், 'நலக்குழு' என்று சுருக்கிக் கூப்பிட்டார்கள். முதல்வர் அதற்குத் தலைவர். மருந்தியல் பேராசிரியர், அறுவைப் பேராசிரியர், மயக்கமருந்துத் துறை மேடம் ஆகிய மூவரும் உறுப்பினர்கள். நலக்குழு கையசைத்தால்தான் இனி எந்த மாணவனும் இறுதிப் பரீட்சைக் கூடத்துக்குள் காலெடுத்து வைக்கலாம் என்பது முதல் உத்தரவு.

இந்த உத்தரவால் மாட்டிக்கொண்டவன் ஒரே ஒருவன். அவனை ஹாஸ்டலில் பச்சத்தண்ணி என்று கூப்பிடுவார்கள். டீ கிடையாது, காபி கிடையாது, சீட்டு கிடையாது. திரையில் கதாநாயகன் புகை விட்டால்கூடக் கீழே உட்கார்ந்திருக்கிற இவனுக்கு இருமல் வரும். அப்பா அம்மா இல்லை. வளர்த்தது எல்லாம் அக்கா. அவள் பஸ் கண்டக்டர். இவன் இறுதிப் பரீட்சையை எழுதி டாக்டராகிவிட்டால் அவள் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து டிக்கெட் எடுத்துப் பயணம் செய்வதாகத் தனக்குத் தானே சத்தியம் செய்து வைத்திருந்தாள். எழுதாவிட்டால் ஒரு வருஷம் அம்போ. அவளுக்கும் இன்னொரு வருஷம் நின்றபடியே போகும்.

விசாரணை தொடங்கியது. மாணவர்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, உட்கார வைத்து, முகத்துக்கு நேரே விளக்கைத் திருப்பிக் கேட்டார்கள்.

பச்சத்தண்ணியின் அறைத்தோழன் டப்பா. சாப்பாட்டு டப்பாவை யார் திறந்தாலும் அவன் கை அதற்குள் இருக்கும் என்பதால் வந்த பெயர். அவன் போன வேகத்திலேயே திரும்பி வந்தான், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு.

"என்னடா கேட்டாங்க?" என்றான் பச்சத்தண்ணி.

"உனக்கு என்ன பழக்கம்னு கேட்டாங்க. போன்ல கேம் ஆடுவேன், நிறுத்த முடியலன்னு அழுதேன். மேடம் என் தலையைத் தடவிக் குடுத்தாங்க. இன்னையிலேர்ந்து எனக்கு நைட் டியூட்டி கிடையாது. தினம் முட்டை, பால், பழம். மத்தியானம் ஒரு தூக்கம். என் பேரு இனிமே 'ஒப்புக்கொண்டவர்'. மரியாதையா கூப்பிடு."

"நீ கேம் ஆடி நான் பார்த்ததே இல்லையே!"

"இனிமேதான் கத்துக்கணும்," என்றான் டப்பா, பழத்தை உரித்துக்கொண்டே.

பச்சத்தண்ணியின் முறை வர ஒரு வாரம் ஆனது. உள்ளே போனான். சிகரெட் உண்டா என்றார்கள். இல்லை என்றான். குடி? இல்லை. மாத்திரை? இல்லை. புகையிலை, போன், சூதாட்டம், நகம் கடித்தல்? இல்லை, இல்லை, இல்லை, இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் குழுவின் நாற்காலிகள் ஓர் அங்குலம் முன்னால் நகர்ந்தன. கடைசியில் நான்கு முகங்களும் அவன் மூக்குக்குக் கிட்டே வந்து நின்றன.

முதல்வர் பேசினார். "தம்பி, குடிக்கிறவன்கிட்ட குடிக்கிறியான்னு கேட்டா என்ன சொல்லுவான்?"

"இல்லன்னு சொல்லுவான் சார்."

"நீ என்ன சொன்ன?"

"இல்லன்னு சொன்னேன் சார்."

முதல்வர் மற்ற மூவரையும் பார்த்தார். மூவரும் தலையாட்டினார்கள். நோயைக் கண்டுபிடித்தாகிவிட்டது.

"கண்ணைப் பாருங்க, குழி விழுந்திருக்கு," என்றார் மேடம்.

"கை நடுங்குது," என்றார் மருந்தியல்.

"கன்னம் ஒட்டிப்போச்சு," என்றார் அறுவை.

"தூக்கம் இல்ல சார்," என்றான் பச்சத்தண்ணி. "வார்டுல தொடர்ந்து டியூட்டி. ஒப்புக்கொண்டவங்க டியூட்டியையும் நான்தான் பாக்கறேன். சாப்பிடப் போறதுக்குள்ள மெஸ்ஸை மூடிடறாங்க."

அறுவைப் பேராசிரியருக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. எழுந்து நின்றார். "தூக்கம் இல்லையாம்! எங்க காலத்துல தூக்கம்னா என்னன்னே எங்களுக்குத் தெரியாது. நான் ஆபரேஷன் பண்ணும்போது நின்னுக்கிட்டே தூங்கிருக்கேன். ஒருநாள் வயித்தைத் திறந்துட்டு அப்படியே கண்ணசந்துட்டேன். கடைசியில நோயாளிதான் என்னைத் தட்டி எழுப்பினாரு! அந்த அர்ப்பணிப்பு உங்ககிட்ட எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க டம்ளரை எடுத்தார். டம்ளர் கடகடவென்று மேஜையில் தாளம் போட்டது. இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

அன்றே பச்சத்தண்ணியின் ரத்தத்தை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் அவனையும் எதிரே நிறுத்திக்கொண்டு குழு கூடியது. ரத்தத்தில் ஒன்றுமே இல்லை.

மருந்தியல் பேராசிரியர் நெற்றியைத் தேய்த்தார். "நான் இந்தக் கல்லூரியில எத்தனையோ வருஷமா இருக்கேன். இவ்வளவு சுத்தமான ரத்தம் இந்தக் கட்டடத்துக்குள்ள வந்ததே இல்ல. ஆய்வகத்துலயே, 'சார், இதை வெளியிலேர்ந்து வாங்கிட்டு வந்தீங்களா'ன்னு கேக்கறாங்க."

"அப்ப என்ன அர்த்தம்?" என்றார் முதல்வர்.

"நம்ம பரிசோதனையில சிக்காத ஏதோ புதுச் சரக்கு."

அறையில் ஒரு மரியாதை கலந்த அமைதி நிலவியது. மேடம் மெதுவாக, "அப்படியும் ஒண்ணு இருக்கா?" என்றார். அந்தக் குரலில் கவலையைவிட ஆர்வம் ஒரு பிடி கூடுதலாக இருந்ததாகப் பச்சத்தண்ணிக்குப் பட்டது.

அவனை வார்டில் படுக்க வைத்தார்கள். நேற்றுவரை எந்தக் கட்டிலின் பக்கத்தில் நின்று நோயாளியின் கதையைப் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னானோ, அதே மாதிரிக் கட்டிலில் இன்று இவன் கிடந்தான். சுற்றிலும் இவனுடைய வகுப்பே நின்றது. டப்பா முன்னால் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஒப்பித்தான்.

"சார், இவர் இறுதியாண்டு மாணவர். இவருக்கு என்ன குறைன்னு கேட்டா, எதுவும் இல்லன்னு சொல்றார். இது ரொம்ப நாளா இருக்கு. வர வர அதிகமாயிட்டு வருது. ராத்திரியிலயும் இல்லன்னுதான் சொல்றார்."

"குடும்பத்துல வேற யாருக்காவது?"

"அக்காவுக்கும் எந்தப் பழக்கமும் இல்லையாம் சார்."

"பரம்பரை!" என்றார் அறுவை. எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

"டேய் டப்பா," என்று பல்லைக் கடித்தான் பச்சத்தண்ணி.

"நோயாளி கோபப்படறார் சார்."

அதையும் குறித்துக்கொண்டார்கள். பாடம் முடிந்ததும் கட்டிலைக் காலி செய்யச் சொல்லி, அவனை மறுபடி டியூட்டிக்கே அனுப்பினார்கள்.

நோயைக் கண்டுபிடித்த பிறகு சிகிச்சை வேண்டுமே! நலக்குழு ஒட்டுமொத்த ஆரோக்கியத் திட்டம் ஒன்றைத் தயாரித்து, அதைத் தொடங்கி வைக்க ஒரு கூட்டமும் போட்டது. மேடையில் முதல்வர் பேசினார். கூட்டத்தின் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. கொட்டாவி விட்டால் கண் கலங்கத்தானே செய்யும்.

"அன்பு மாணவச் செல்வங்களே! அடிமைத்தனம் எங்கிருந்து வருது? நம்மை நாம கேள்வி கேக்காததாலதான் வருது. நான் தினமும் படுக்கப் போறதுக்கு முன்னாடி கண்ணாடி முன்னால நின்னு என்னையே கேட்டுக்குவேன், 'நீ எதுக்காவது அடிமையா?'ன்னு. 'இல்லவே இல்ல'ன்னு உள்ளேயிருந்து ஒரு பதில் வரும். அந்தப் பதில் வந்தாத்தான் மாத்திரையே போடுவேன். போட்டாத்தான் படுப்பேன். அந்தக் கட்டுப்பாடு உங்களுக்கும் வரணும்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் பதறி எழுந்து தாமதமாகத் தட்டியதால் அது அலை அலையாக வந்தது.

பச்சத்தண்ணி டியூட்டி முடிந்து படுக்கிற நேரமாகப் பார்த்து விடியற்காலை ஓட்டம் வைத்தார்கள். ஓட்டம் முடிந்தால் மூச்சுப் பயிற்சி. அது முடிந்தால் சிரிப்புப் பயிற்சி. அதில் சிரிக்காதவர்களுக்குத் தண்டனை உண்டு. வார்டிலிருந்து வந்து மத்தியானம் கண்ணை மூடப் போகிற வேளையில் 'உறக்கத்தின் மேன்மை' என்று மேடத்தின் சொற்பொழிவு. அதில் யார் தூங்கினாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள். பச்சத்தண்ணி இமைகளை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டான். மேடம் அதைப் பார்த்துவிட்டு, "கண்ணு செருகுது பாருங்க. சரக்கு உள்ள போயிருக்கு," என்று மருந்தியலின் காதில் சொன்னார்.

ஆரோக்கியம் ஏற ஏற அவன் எடை இறங்கியது. கண் கிணற்றுக்குள் போனது. கை நடுக்கம் அறுவைப் பேராசிரியரையே பொறாமைப்பட வைத்தது. ஒவ்வொரு வாரமும் குழு அவனை நிறுத்தி வைத்து, ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்து, நம் சந்தேகம் சரிதான் என்று உறுதி செய்துகொண்டு, பயிற்சியை இன்னும் கொஞ்சம் கூட்டியது. ஒப்புக்கொண்டவர்களோ கொழுகொழுவென்று ஆனார்கள். மொத்த வகுப்பும் ஆளுக்கொரு பழக்கத்தைச் சொல்லி முட்டைக்கு வரிசையில் நின்றது. நல்ல பழக்கமெல்லாம் தீர்ந்துபோன பிறகு வந்த ஒருவன், வேறு வழியில்லாமல், தான் ரப்பர் ஸ்டாம்பை முகர்ந்து பார்ப்பதாகச் சொல்லி அரைக் கோப்பைப் பால் மட்டும் வாங்கிக்கொண்டு போனான்.

பரீட்சை நெருங்கியது. குழு அக்காவை வரச் சொல்லி ஆள் அனுப்பியது.

அவள் டியூட்டி உடுப்போடு, தோள் பையோடு அப்படியே வந்தாள். முதல்வர் அறையில் அரைமணி இருந்தாள். வெளியே வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. மரத்தடி சிமெண்ட் பெஞ்சில் தம்பியை உட்கார வைத்து, மேலும் கீழும் பார்த்தாள். டிக்கெட் வாங்காமல் கடைசி சீட்டில் தூங்குகிற மாதிரி நடிப்பவனைப் பார்க்கும் பார்வை அது.

"வாயை ஊது."

"அக்கா!"

"ஊதுடா."

ஊதினான்.

"ஒண்ணும் வரலையே," என்றாள். அவளுக்கு நிம்மதி வரவில்லை. "ஒண்ணுமே வரலன்னா அதான் சந்தேகம்னு அந்தப் பெரியவர் சொன்னாரு."

"அக்கா, நீயுமா? எனக்குத் தூக்கம் இல்லக்கா. அவ்வளவுதான்."

"நானும் அதத்தான் சொன்னேன். தூக்கமில்லாததுக்கெல்லாம் ஒரு நோயான்னு நாலு பேரும் சிரிக்கறாங்க. இத்தனை டாக்டர் ஒண்ணா உக்காந்து தப்பாவா சொல்லுவாங்க? என் பஸ்ல ஒருத்தன் டிக்கெட் எடுத்துட்டேன்னு சொன்னா நம்பலாம். நாலு பேரு, அவன் எடுக்கலன்னு சொன்னா நான் என்ன பண்ண?"

பச்சத்தண்ணி தலையைக் குனிந்துகொண்டான். அத்தனை வாரம் ஊசி குத்தியபோது வராத கண்ணீர் அப்போது வந்தது. அக்கா அதைக் கொஞ்சநேரம் சந்தேகமாகவே பார்த்தாள். பிறகு முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"சரி, விடு. எனக்குத் தெரியும்டா உன்னை. பயந்துட்டேன், அவ்வளவுதான். இப்ப என்ன வேணுமாம் அவங்களுக்கு?"

"ஏதாவது ஒரு பழக்கம் இருக்குன்னு ஒப்புக்கணும். திருந்திட்டேன்னு சொல்லணும். அப்பத்தான் பரீட்சை."

"அவ்வளவுதானே? சொல்லிட்டு வாயேன்."

"பொய்யா?"

"வண்டி கிளம்பற நேரத்துல சில்லறைக்குச் சண்டை போடக் கூடாது. ஏறு முதல்ல, அப்புறம் பாத்துக்கலாம். ஒரு வருஷம் போச்சுன்னா திரும்பி வருமா?"

அன்றைக்கே டப்பாவிடம் டியூஷன் தொடங்கியது. பழக்கம் இல்லாத ஒருவனுக்குப் பழக்கம் இருப்பதாகச் சொல்லிக்கொடுப்பது லேசான காரியமில்லை. சிகரெட் என்று சொல்லிக்கொடுத்தால் பெயரைச் சொல்லும்போதே இருமினான். சாராயம் என்றால் எதில் செய்வார்கள் என்று கேட்டான். கடைசியில் டப்பா கையெடுத்துக் கும்பிட்டான்.

"சாமி, இருமல் மருந்துன்னு சொல்லிடு. அதையாவது வாழ்க்கையில ஒரு தடவை குடிச்சிருப்பியே?"

"சின்ன வயசுல அக்கா குடுத்திருக்கா."

"போதும். அதையே பெருசாக்கு."

மறுநாள் காலை பச்சத்தண்ணி குழுவின் முன் நின்றான். முதல்வரின் மேஜைக்குப் பின்னால் நான்கு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல் தலையணைபோல் ஒரு பழைய உடற்கூற்றியல் புத்தகம். அதை முதல்வர் பிரித்துப் படித்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் அதைத் தொடவும் யாரையும் விடமாட்டார்.

"சொல்லு தம்பி," என்றார் முதல்வர் கனிவாக. "இங்க யாரும் உன்னைக் கடிக்க மாட்டோம்."

"ஒப்புக்கறேன் சார். இருமல் மருந்து."

நான்கு பேரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டார்கள். ஜன்னல் திரை அசைந்தது. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பச்சத்தண்ணி பிழைத்தோம் என்று நினைத்தான்.

பிழைத்திருப்பான். ஆனால் எதிரே இருந்தவர்கள் வாத்தியார்கள். வாழ்நாள் பூராவும் வைவாத் தேர்வில் மாணவனை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவர்கள். வீடு பற்றி எரிந்தாலும் சகிப்பார்கள்; எதிரே நிற்கிற மாணவன் தப்பாகப் பதில் சொன்னால் அவர்களால் சகிக்க முடியாது.

"எவ்வளவு எடுத்துப்ப?" என்றார் மருந்தியல், பேச்சுக்கு.

"ஒரு ஸ்பூன் சார்."

மருந்தியலின் முகம் சுருங்கியது. இதயம் வலப்பக்கம் இருக்கிறது என்று ஒருவன் சொன்னால் சுருங்குமே, அப்படி. "ஒரு ஸ்பூனா? ஒரு ஸ்பூன்ல இருமலே நிக்காதேப்பா! யோசிச்சுச் சொல்லு."

"ரெண்டு?"

"தப்பு. அடுத்து யாரு?" என்று பழக்கதோஷத்தில் பக்கத்தில் திரும்பினார்.

அறுவைப் பேராசிரியர் விறுக்கென்று கையைத் தூக்கினார். "பாட்டிலோட சார்!"

"வெரி குட். உக்காருங்க."

"ஆனா அது பழைய முறை சார்," என்றார் மேடம். "கசப்பு நாக்குல நிக்கும். மறுநாள் தலை வேற வலிக்கும். நானெல்லாம்..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"நீங்கல்லாம்?" என்றார் முதல்வர்.

"நானெல்லாம் கேள்விப்பட்டது வேற முறை சார்."

முதல்வர் நிலைமையைக் கையில் எடுத்தார். "அளவை விடுங்க. அடிப்படையைக் கேப்போம். தம்பி, பாட்டிலை எங்க ஒளிச்சு வைப்ப?"

"அலமாரியில சார். துணிக்குப் பின்னாடி."

"அலமாரியிலயா!" முதல்வருக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது. இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தும் இப்படி ஒரு பிள்ளையா என்கிற வருத்தம். "வீட்டுல முதல்ல தேடுற இடமே அதானேடா! ஒரு பெரிய புத்தகமா எடுத்துக்கணும். யாரும் படிக்காத புத்தகமா இருக்கணும். நடுப்பக்கத்தையெல்லாம் சதுரமா வெட்டி எடுத்துட்டா உள்ள கச்சிதமா ஒரு..."

மின்விசிறிச் சத்தம் கேட்டது.

மூன்று பேருடைய கண்களும் மெல்ல, மெல்ல, மேஜைமேல் இருந்த உடற்கூற்றியல் புத்தகத்துக்குப் போயின. முதல்வர் அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார். பிறகு மருந்தியல் அறுவையைப் பார்த்தார். அறுவை மேடத்தைப் பார்த்தார். மேடம் கூரையைப் பார்த்தார். ஒருவரை ஒருவர் பார்ப்பதைவிடப் பொதுவாக ஒருவனைப் பார்ப்பது எல்லோருக்கும் சௌகரியம் என்பதால், கடைசியில் நான்கு பேரும் பச்சத்தண்ணியைப் பார்த்தார்கள்.

"உன்னை யாரு அனுப்பினா?" என்றார் முதல்வர்.

"அக்கா சார்."

"பழக்கம் எதுவும் இல்ல. ரத்தம் சுத்தம். நம்ம வாயைப் புடுங்கறான். இவன் மேலிடத்து ஆளு!" என்றார் மருந்தியல்.

"சட்டையைக் கழட்டுங்க. உள்ள மைக் இருக்கும்," என்றார் அறுவை.

கழற்றினார்கள். உள்ளே விலா எலும்புகள்தான் இருந்தன. அறுவை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு. அதான் பயமா இருக்கு," என்றார்.

அவனை வெளியே நிறுத்திவிட்டுக் குழு அவசரமாக ஆலோசித்தது. இவனை இங்கே வைத்திருப்பது நெருப்பை மடியில் கட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று. எப்படியாவது பரீட்சையை எழுத வைத்து, டாக்டராக்கி, கண்காணாத இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். ஆனால் எழுதி முடிக்கிறவரை கண் கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். நான்கு பேருமே பரீட்சைக் கூடத்தில் இருப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். மற்ற மூவரையும் தனியாக விட எவருக்கும் மனமில்லை.

பரீட்சை நாள் வந்தது. அக்கா லீவு போட்டுவிட்டு வாசல் வரை வந்தாள். "தூங்கிடாதடா," என்றாள். அவள் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

பச்சத்தண்ணி உட்கார்ந்தான். ஜன்னலோர இடம். இதமான காற்று. கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை. ஓடச் சொல்ல, சிரிக்கச் சொல்ல, வாயைத் திறக்கச் சொல்ல யாரும் இல்லை. எத்தனையோ மாதங்களில் முதல்முறையாக அவனை ஒரு நாற்காலியில் சும்மா உட்கார விட்டிருந்தார்கள். முதல் கேள்வியைப் படித்தான். பதில் நன்றாகத் தெரிந்தது. எழுதலாம் என்று பேனா மூடியைத் திறந்தான். நெற்றி மெதுவாக மேஜைக்கு வந்து சேர்ந்தது.

"என்னாச்சு?" என்று ஓடி வந்தார் முதல்வர். மற்ற மூவரும் ஓடி வந்தார்கள். மேடம் நாடியைப் பிடித்தார். மருந்தியல் இமையைத் தூக்கிப் பார்த்தார். அறுவை குனிந்து மூச்சைக் கேட்டார்.

"தூங்கறான்," என்றார் மேடம்.

"என்ன போட்டான்?"

"ஒண்ணும் போடல சார். நான் வாசல்லேர்ந்து பாத்துக்கிட்டே இருந்தேன். சும்மா உக்காந்தான். தூங்கிட்டான்."

"மாத்திரை?"

"இல்ல."

"அரை மாத்திரைகூட?"

"இல்ல சார். அப்படியே. தானா!"

நான்கு பேரும் அவனைச் சுற்றி நின்றார்கள். மூச்சு ஒரே சீராக ஏறி இறங்கியது. வாய் லேசாகத் திறந்திருந்தது. புத்தகத்தில் படித்திருக்கிறார்களே தவிர இப்படி ஒன்றை நேரில் பார்த்ததில்லை. எழுப்பலாமா என்றார் அறுவை. முதல்வர் உதட்டில் விரலை வைத்துவிட்டார். "உஷ்! பரீட்சை வருஷா வருஷம் வரும். இது வருமா?"

கொஞ்சம் கிட்டே இருந்து பார்க்கலாம் என்று முதல்வர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மேடம் ஒரு கொட்டாவி விட்டார். அதைப் பார்த்த மருந்தியல் விட்டார். அதைப் பார்த்த அறுவை, கொட்டாவி தொற்றுவது ஏன் என்று விளக்க வாயைத் திறந்தார். திறந்த வாய் கொட்டாவியாகவே முடிந்தது. ஆளுக்கொரு நாற்காலியைத் தேடிக்கொண்டார்கள். காற்று இதமாக வந்தது. முதல்வரின் தலை ஒருமுறை ஆடியது. இரண்டாம் முறை ஆடியது. அப்புறம் ஆடவில்லை.

முதல்வரின் குறட்டை ஊரறிந்ததல்ல. மாத்திரை அதை அமுக்கி வைத்திருந்தது. பல வருஷங்களாக உள்ளே அடைபட்டுக் கிடந்தது இன்று ஒட்டுமொத்தமாக வெளியே வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பச்சத்தண்ணி துள்ளி எழுந்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பாதி நேரம் போயிருந்தது. ஆனால் தலை என்றுமில்லாத தெளிவாக இருந்தது. கையைப் பார்த்தான். நடுங்கவில்லை. குனிந்து எழுத ஆரம்பித்தான். படித்ததெல்லாம் வரிசை கட்டி வந்தது. நான்கு பக்கமும் நான்கு பேராசிரியர்கள் குறட்டை விட, நடுவில் உட்கார்ந்து கடைசிக் கேள்வியின் கடைசி வரி வரை எழுதி, மணி அடிக்கச் சற்று முன் தாளை முதல்வரின் முன்னால் வைத்துவிட்டு அடிமேல் அடி வைத்து வெளியே போனான்.

மணிச் சத்தத்தில் முதல்வர் விழித்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டார். கழுத்தைத் திருப்பிப் பார்த்தார், திரும்பியது. சுவர் சுவராகத் தெரிந்தது. சிகரெட் ஞாபகம் வரவில்லை. அது அவரை மிகவும் பயமுறுத்தியது.

"மேடம், எனக்கு என்னமோ ஆயிடுச்சு. நல்லா இருக்கு," என்றார்.

"எனக்கும் சார்!"

அறுவை தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்தார். பாறைபோல் நின்றன. அவருக்கு வியர்த்தது. "சார், எதையோ குடுத்துட்டான் நமக்கு!"

"பக்கத்துல உக்காந்ததுக்கே இப்படின்னா," என்றார் முதல்வர், "எவ்வளவு வீரியமான சரக்கா இருக்கணும்!"

மருந்தியல் பேராசிரியர் அதற்குள் எழுந்து ஓட ஆரம்பித்திருந்தார். வாசலில் பச்சத்தண்ணி அக்காவிடம் எல்லாக் கேள்வியும் எழுதிவிட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் அவன் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். மருந்தியல் மூச்சிரைக்க வந்து அவன் கையைப் பிடித்து மரத்தின் பின்னால் இழுத்துப்போனார். முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டார்.

"தம்பி, பயப்படாத. நடவடிக்கை எதுவும் கிடையாது. நான் யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன். அது என்னன்னு மட்டும் சொல்லிடு."

"தூக்கம் சார்."

மருந்தியல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இன்னும் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அது சரி. எந்தக் கம்பெனி?"